அருவி நின்ற பிறகு

சமையலறைக் கதவு சாத்த மறுத்தது. முந்தின நாள் வரை ஒரு விரலால் தள்ளினாலே போய்ச் சட்டத்தில் உட்கார்ந்துகொண்ட கதவு. அன்று காலை மேல் மூலையில் முட்டிக்கொண்டு நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று விட்டுவிட்டாள். மதியம் குளியலறைக் கதவும் அதேபோல அடம் பிடித்தது. சாயங்காலம் அலமாரியின் இழுப்பறை. எல்லாம் ஒரே மூலையில் முட்டின, ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. பள்ளத்தாக்கு இறங்கிப் போகிற பக்கம். யாரோ வீட்டின் முதுகில் கையை வைத்து, அவசரமே இல்லாமல் தள்ளிக்கொண்டிருப்பது போல.

அவளை அந்தப் பக்கத்தில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பள்ளியிலும் அவள் பாடம் எடுத்ததில்லை. மலையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது எப்படி உண்டானது என்று விளக்கிச் சொல்வது அவள் வேலை. அந்த வீடே அதற்காகக் கட்டியதுதான். முன்னறையில் சுவர் நிறையப் படங்கள், நடுவில் மேசை மேல் களிமண்ணில் செய்த மலை. பின்னால் அவள் இருக்க ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. கோடையில் வண்டி வண்டியாக ஆட்கள் வருவார்கள். அவர்களை வாசலில் நிறுத்தி, காற்றில் ‘ப’ என்ற எழுத்தை எழுதிக் காட்டுவாள். ஆறு வெட்டின பள்ளத்தாக்கு அடியில் குறுகிப்போய் இருக்கும், இங்கே பாருங்கள், தரை தட்டை, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினது போல நிமிர்ந்து நிற்கிறது, இதை வெட்டியது பனி என்பாள். உச்சிவரை நிரம்பி நின்ற பனி, ஆறு மாதிரியே கீழ்நோக்கி ஓடியது. ஓடினதென்றால் நின்று பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியாத ஓட்டம். போகிற வழியில் பாறையைப் பிய்த்து, பிய்த்த கல்லை வயிற்றுக்கு அடியில் பிடித்துக்கொண்டு, மிச்சப் பாறையைத் தேய்த்துக்கொண்டே போனது. அப்புறம் உருகிவிட்டது. உருகிப் பல்லாயிரம் வருஷமாகிறது. இப்போது நீங்கள் நிற்கிற இடத்தில், தலைக்கு மேல் அத்தனை உயரத்துக்குப் பனி இருந்தது என்று கையைத் தூக்கிக் காட்டும்போது, வந்தவர்கள் தவறாமல் அண்ணாந்து பார்ப்பார்கள். யாராவது ஒருவர், ‘நல்லவேளை, லேட்டா வந்தோம்’ என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

சீசன் முடிந்து மற்ற வேலையாட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். குளிர்காலத்துக்கு ஒரு ஆள் மேலே இருக்க வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டபோது, அவள்தான் நான் இருக்கிறேன் என்றாள். கீழே அவளுக்காக யாரும் விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. கணவர் எப்போதோ விலகிப் போய், அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. மகள் கடல் தாண்டிப் படிக்கப் போனவள், அங்கேயே வேலையும் கிடைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வருகிற குரலாக மாறிவிட்டாள். எங்கே இருந்தால் என்ன என்றுதான் தங்கினாள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் வெளியே போகும்போது காலி வீட்டைப் பார்த்து ‘வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தாள். திரும்பி வந்ததும், இன்று காற்று பலம், பாதையில் நரியின் காலடி கிடந்தது என்று களிமண் மலையிடம் சொன்னாள். அது பழகிப்போனதுதான் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

கதவு முட்டின மறுநாள் குழாயில் தண்ணீர் வெள்ளையாக வந்தது. பாத்திரத்தில் பிடித்து வைத்தாள். நேரம் கழித்துப் பார்த்தபோது அடியில் மாவு மாதிரிப் படிந்திருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தாள். அவ்வளவு நைசான பொடி. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். கல்மாவு. பாறையைப் பாறையால் அரைத்தால் வருவது. பனி இன்னும் இருக்கிற மலைகளில், பனிக்கு அடியிலிருந்து வரும் ஓடைகள் இப்படித்தான் பால் போல இருக்கும். இந்த மலையில் அரைப்பதற்கு எதுவும் இல்லை. மேலே எங்கேயாவது மண் சரிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தண்ணீரைத் துணியில் வடிகட்டித் தேநீர் போட்டாள்.

அன்று படுத்த பிறகு சத்தம் கேட்டது. தரைக்கு அடியிலிருந்து, காதுக்குக் கேட்பதற்கு முன்னால் தலையணை வழியாகத் தாடை எலும்பில் ஏறுகிற சத்தம். தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பது போல. கணவருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. ஒரு நொடி, அரைத்தூக்கத்தில், பக்கத்தில் அவர் படுத்திருக்கிறார் என்றே நினைத்து, தோளைத் தொட்டு எழுப்பக் கையை நீட்டிவிட்டாள். விரிப்பு சில்லென்றிருந்தது. சத்தம் நிற்கவில்லை.

காலையில் தச்சருக்குப் போன் செய்தாள்.

கீழே ஊரில் பட்டறை வைத்திருந்தவர் அவர். அந்த வீட்டின் ஜன்னல், கதவு, ஏரிக்கரைக் கம்பித்தடுப்பு எல்லாமே அவர் கைவேலை. மனைவி போன பிறகு மனிதர் வாயை மூடுவதே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். முன்பெல்லாம் அவர் வந்தால், எப்போது பேச்சை முடிப்பார் என்று அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள். அன்று அவருடைய பழைய வேன் இருமிக்கொண்டே வளைவு ஏறி வருவதை ஜன்னலில் பார்த்ததும், போய்த் தலையை வாரிக்கொண்டாள்.

வேனை விட்டு இறங்கியதும் அவர் காதுக்குள் விரலை விட்டு ஆட்டினார். மலை ஏறினால் காது அடைப்பது வழக்கம்தான், ஆனால் இன்றைக்கு விடவே மாட்டேன் என்கிறது என்றார். அப்புறம் நின்று, தலையைச் சாய்த்து எதையோ கேட்டார்.

“அருவி என்னாச்சு டீச்சர்? குழாய மூடி வச்சுட்டீங்களா?”

சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

வீட்டுக்கு எதிர்ச் சுவரில், மிக உயரத்தில், ஒரு சின்னப் பள்ளத்தாக்கு பெரியதை எட்டமுடியாமல் பாதியில் தொங்கிக்கொண்டு நிற்கும். அந்தக் காலத்தில் அதில் இருந்த பனி சின்னது. பெரிய பனி தோண்டின ஆழத்துக்கு அதால் தோண்ட முடியவில்லை. அதன் விளிம்பிலிருந்துதான் அருவி விழும். வருஷம் முழுக்க விழும். அந்த இரைச்சல் வீட்டுக்குள் கடிகாரச் சத்தம் மாதிரி, இருப்பதே தெரியாது. இப்போது இல்லை. எப்போது நின்றது? நேற்றா? கதவு முட்டின அன்றா? மூடுபனி சுவரின் மேல்பாதியை மூடியிருந்தது. கீழே அருவி விழுகிற பாறை மட்டும் தெரிந்தது. காய்ந்து கிடந்தது.

தண்ணீர் உறைந்திருக்கும் என்றாள். உறைகிற அளவுக்கு இன்னும் குளிரே வரவில்லை என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

கதவைப் பார்த்துவிட்டு, கோபித்துக்கொண்டு நிற்கிறது, கொஞ்சம் தாஜா பண்ணினால் சரியாகிவிடும் என்றார். தரையில் ரசமட்டத்தை வைத்தார். குமிழ் நேராக ஒரு ஓரத்துக்குப் போய் நின்றது. வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் அதே ஓரம். கொஞ்ச நேரம் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். அடியில் மண் இறங்கியிருக்கிறது என்றார். அடியில் மண்ணே இல்லை, ஒரே பாறை என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் பாறை இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், அவளும் சிரித்தாள். கூடச் சிரிக்க ஆள் கிடைத்து எத்தனை நாளாயிற்று என்று அப்போது தோன்றியது. அவர் இழைப்புளியால் கதவின் மேல்முனையைச் சீவச் சீவ, மரச்சுருள்கள் தரையில் விழுந்தன. வீடு முழுக்கப் புதுமரத்தின் வாசனை. அவர் பட்டறைப் பூனையைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரன் பாட்டுப் பயில்வதைச் சொன்னார். அவள் கதவோரம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் வெயில் போய்விட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்துச் சூரியன் அவ்வளவுதான். சுவருக்குப் பின்னால் இறங்கிவிட்டால், ஊரில் நல்ல பகலாக இருக்கும்போதே இங்கே அந்தி. வாசல் கதவு உட்பட எல்லாக் கதவுகளும் சரியாகிவிட்டன. அவர் பையைக் கட்ட ஆரம்பித்தார்.

ஏரிக்கரையில் கம்பித்தடுப்பு ஒன்று பிடுங்கிக்கொண்டு நிற்கிறது என்று அவள் சொன்னாள். மேலே, பள்ளத்தாக்கின் தலைமாட்டில், நாற்காலியின் குழி போல மலையைக் குடைந்து வைத்திருக்கிற இடத்தில் அந்த ஏரி. தடுப்பு ஆடினது உண்மைதான். ஆனால் அது கோடையிலிருந்தே அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. வசந்தம் வரை ஒருத்தரும் அந்தப் பக்கம் போகப்போவதும் இல்லை. இன்றைக்கே பார்த்துவிட்டால் நல்லது என்றாள். போனால் திரும்பி இந்த வழியாகத்தானே வர வேண்டும். வந்தால் உட்காருவார்.

தச்சர் வானத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டாரோ என்னவோ.

“சரி, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்” என்றார். “வந்ததும் சூடா ஒரு டீ மட்டும் குடுங்க டீச்சர்.”

“டீ எதுக்கு, சாப்பிட்டே போகலாம்.”

தலையை ஆட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதையில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும், காற்றே இல்லாத இடத்தில் எதிர்காற்றில் நடப்பவர் போல அவர் முன்னால் குனிந்ததை அவள் பார்த்தாள். மூடுபனி இறங்கி வந்து அவரைச் சுற்றிக்கொண்டது.

அவள் இரண்டு தட்டுகளைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தாள். அரிசியைக் களைந்தாள். அவர் வருகிற நேரம் ஆகிவிட்டதென்று தேநீர் போட்டு மூடி வைத்தாள். தொட்டுப் பார்த்தால் ஆறிப்போயிருந்தது. இப்போதுதானே வைத்தோம் என்று மறுபடி சுட வைத்தாள். கோப்பையில் ஊற்றுவதற்குள் ஆவி அடங்கிவிட்டது. ஜன்னலில் பார்த்தால் வெளிச்சமும் அப்படித்தான், யாரோ வழித்து எடுத்துக்கொண்டு போவது போலக் குறைந்துகொண்டிருந்தது. அரிசி வேகும் முன்னே இருட்டி வந்தது.

தச்சர் வரவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் வாயை விட்டு வெளியே போய் உடனே நின்றது. எப்போதும் இரண்டு சுவரிலும் மோதி மூன்று தடவை திரும்பி வருகிற குரல். இப்போது கம்பளியில் முகத்தை வைத்துக் கத்தினது போல அங்கேயே செத்தது. பாதை சமதரையாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கிற்று. இடுப்பளவு தண்ணீரில் எதிர்நீச்சல் போடுகிற மாதிரி. நெஞ்சில் எதுவோ சாய்ந்துகொண்டது. தள்ளவில்லை. வெறுமே சாய்ந்துகொண்டிருந்தது, அதன் பாரம் முழுவதையும் காட்டாமல்.

கீறல் பாறை வரை போனாள். கோடையில் குழந்தைகளைக் கூட்டிவந்து தடவிப் பார்க்கச் சொல்கிற பாறை அது. பனி அடியில் பிடித்துப் போன கற்கள் இழுத்த கோடுகள், எல்லாம் ஒரே திசையில், பாசி ஏறி மழுங்கிப்போனவை. டார்ச்சை அடித்தாள். பாசி இல்லை. பாறை, எண்ணெய் தடவினது போல மின்னியது. கோடுகள் கூராக இருந்தன. உள்ளே வெள்ளையாகப் பொடி.

பாறை மேல் பட்டாணி அளவில் ஒரு கல் கிடந்தது. அது கிடக்கவில்லை என்று தெரியக் கொஞ்ச நேரமாயிற்று. அது நகர்ந்துகொண்டிருந்தது. பாறையோடு அழுத்திக்கொண்டு, தானாக, பின்னால் ஒரு வெள்ளைக் கோட்டை விட்டுக்கொண்டு. பல் கடிக்கிற அந்தச் சத்தம் அதிலிருந்து வந்தது. அவள், ஏன் என்று அவளுக்கே தெரியாது, விரலை வைத்து அதை நிறுத்தப் பார்த்தாள். கல் நிற்கவில்லை. நகத்தின் மேல் ஏற ஆரம்பித்தது.

கையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடினாள். திரும்புவது சுலபமாக இருந்தது. மிகச் சுலபம். முதுகில் ஒரு கை இருந்தது.

வீட்டுக்குள் வந்து அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த ஆள் படபடவென்று பேசினான். மெதுவாகச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. பாதையெல்லாம் மூடுபனி, விடிந்ததும் ஆட்களை அனுப்புகிறோம், நீங்கள் வெளியே போகாதீர்கள் என்று அவன் சொன்னதாகப் புரிந்தது. வைத்த உடனே மணி அடித்தது. மகள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

“என்னம்மா ஆச்சு? ஏன் இவ்ளோ மெதுவா பேசற?”

“மெதுவாவா? நான் சாதாரணமாத்தான் பேசறேன்.”

“இல்லம்மா. ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவுல... அம்மா? லைன்ல இருக்கியா? அம்மா?”

இருக்கிறேன் என்றாள். மகள் காத்திருக்கவில்லை. அம்மா அம்மா என்று வேகமாகக் கூப்பிட்டாள், அழுதாள், மறுபடி கூப்பிட்டாள். அந்தக் குரல் மெலிந்து, கீச்சென்று பூச்சியின் ரீங்காரம் போல ஆகி அறுந்தது. அவள் சொன்ன ‘இருக்கிறேன்’ அப்போதுதான் வாயை விட்டு முழுதாக வெளியே வந்தது.

வாசல் கதவைத் திறக்கப் பார்த்தாள். வேனில் சாவி இருக்கும், ஓட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். தச்சர் செதுக்கிவிட்ட கதவு சட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இழுத்தாள். தோளால் மோதினாள். சுவரில் எழுதின கதவு போல இருந்தது. முன்னறையில் படங்கள் ஒவ்வொன்றாக ஆணியை விட்டு விலகி, விழாமல், சுவரோடு ஒட்டி நகர்ந்தன. களிமண் மலை மேசை விளிம்புக்கு வந்திருந்தது. தரைக் கற்களில் கோடுகள். புதுக் கோடுகள். அடுப்படியிலிருந்து அவள் காலடி வரை.

மேலே உத்தரம் முனகியது.

வெளியே வேனின் கண்ணாடி போயிற்று. சத்தமில்லாமல்.

காது அடைத்தது. இரண்டு காதும். தன் ரத்தம் ஓடுவது மட்டும் கேட்டது. அதுவும் மெதுவாக. ஒன்று. வெகு நேரம் கழித்து, இன்னொன்று.

சமையலறை ஜன்னலுக்குப் போனாள். பள்ளத்தாக்கின் மேல்பக்கம், ஏரிப் பாதையைப் பார்த்த ஜன்னல். அவர் வந்தால் அங்கேதான் தெரிவார். கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். குளிரவில்லை.

விடிந்தது. மூடுபனி இல்லை.

வெளிச்சம் நீலமாக இருந்தது. வானத்தின் நீலம் இல்லை. அடர்ந்த, ஆழமான, பல காதம் கெட்டியான எதையோ துளைத்து வந்து களைத்துப்போன நீலம். எதிர்ச் சுவரில், தொங்கு பள்ளத்தாக்கின் விளிம்பு தெரிந்தது. ஓடை விளிம்புக்கு வந்தது. விழவில்லை. அப்படியே நேராக, வெறும் காற்றின் மேல், தட்டையாக ஓடி வந்தது. பள்ளத்தாக்கின் நடுவில், பனி இருந்ததாக அவள் கையைத் தூக்கிக் காட்டுகிற உயரத்தில், தரையில் ஓடுவது போல நெளிந்து ஓடியது.

அந்த உயரத்துக்குக் கீழே எல்லாம் நின்றிருந்தது.

ஒரு காக்கை. இறக்கை விரித்தபடி. அடிக்காமல், விழாமல். அதற்குக் கீழே கற்கள், சின்னதும் பெரியதுமாக, தரையைத் தொடாமல். வேரோடு ஒரு மரம், தலைகீழாக. ஒரு நரி, ஓடுகிற காலோடு. எல்லாம் கீழ்நோக்கிப் பார்த்தபடி. எல்லாம் வந்துகொண்டிருந்தன.

அவற்றுக்கு நடுவில் தச்சர்.

கூரை உயரத்தில், சாய்ந்து, முகம் குப்புற. ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. தோள்பை முதுகிலிருந்து விலகி, பட்டை விறைத்து நின்றது. வாய் திறந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் நகரவில்லை. ஆனால் பெரிதாகிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி உடைந்தது. துண்டுகள் விழவில்லை. அவள் விரல்களைச் சுற்றி அப்படியே நின்றன. கையை எடுக்க நினைத்தாள். நினைப்பு கைக்குப் போய்ச் சேரவில்லை.

அவர் முகம் ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது. கண்கள் திறந்திருந்தன. செத்துவிட்டார் என்று நினைத்தாள். அப்போது அவர் இமைத்தார்.

சாதாரணமாக, யாரும் இமைப்பது போலத்தான் இமைத்தார்.

இமை இறங்கும்போது பள்ளத்தாக்கில் நிழல் விழுந்தது. வெயில் வந்தது. நிழல். வெயில். திரையை யாரோ விடாமல் இழுத்து இழுத்து விடுவது போல. ஆட்கள் வந்தார்கள், எறும்பு போல ஓடினார்கள், வேனைச் சுற்றினார்கள், வீட்டைச் சுற்றினார்கள், அவள் நின்ற இடத்தின் ஊடாகவே நடந்து போனார்கள், மறைந்தார்கள். புல் வெள்ளையாயிற்று. பச்சையாயிற்று. வெள்ளை. கூரை ஓசையின்றிப் போனது. சுவர்கள் போயின.

மகள் வந்தாள். கறுப்புக் கோட்டு. நேர் எதிரே, முகத்துக்கு முகம் நின்றாள். அவள் கண்கள் அம்மாவின் கண்களைத் தாண்டி மலையைப் பார்த்தன. உதடு அசைந்தது. போனாள்.

மறுபடி வந்தாள். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு குழந்தையைப் பிடித்திருந்தாள். குழந்தை மட்டும் அண்ணாந்து, இங்கே, சரியாக இங்கே பார்த்தது. பிறகு அழத் தொடங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. புல், பனி, புல்.

அந்த ஒரே இமைப்பு முடிந்து, தச்சரின் இமை முழுதாகத் திறந்தது. கண் அவளைத் தேடியது. கண்டுகொண்டது.